பின்னக்கோடும் ஓர் அடைப்புக்குறிதான்

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழ்களின் மாணவர் பக்கங்களில் கணக்குப் பயிற்சிகள் வெளிவருவது நல்ல காரியம். தனிப் பயிற்சிக்குப் போக வழியில்லாத பிள்ளைகள் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்துப் போட்டுப் பார்க்கிறார்கள். அதனால்தான் அங்கே திரும்பத் திரும்ப நேரும் ஓர் அச்சுப் பிழையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம். பின்னங்கள் கொண்ட ஒருபடிச் சமன்பாடுகளை இடம் மிச்சம் பிடிப்பதற்காக ஒரே வரியில் அடித்துவிடுகிறார்கள். அப்படி அடித்ததும் கணக்கே வேறு கணக்காகிவிடுகிறது. வகுப்பில் இந்தப் பாடத்தில் பிள்ளைகள் செய்யும் தவறுகளைத் தோண்டிப் பார்த்தாலும் வேர் அதே இடத்துக்குத்தான் போகிறது.

பாடநூலில் ஆங்கில எழுத்து நிற்கும் இடத்தில், இக்கடிதத்தில் மாறி என்பதன் முதலெழுத்தான ‘ம’வை வைத்திருக்கிறோம். கோட்டுக்கு மேலே இருப்பது தொகுதி, கீழே இருப்பது பகுதி.

‘ம − 1/2 = 5’ என்று அச்சாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அச்சில் உள்ளபடி படித்தால் ஓர் எண்ணிலிருந்து அரையைக் கழித்தால் 5. விடை ஐந்தரை. ஆனால் கணக்கை எழுதியவர் மனதில் இருந்தது, ‘ம − 1’ முழுவதும் மேலே, 2 கீழே. அதாவது (ம − 1)/2 = 5. அதற்கு விடை 11. கையால் எழுதும்போது ‘ம − 1’ முழுவதற்கும் கீழே நீளமாக ஒரு கோடு இழுக்கிறோமே, அந்தக் கோடு வகுத்தலை மட்டும் காட்டவில்லை. மேலே இருப்பதெல்லாம் ஒரே கட்டு, கீழே இருப்பதெல்லாம் ஒரே கட்டு என்றும் அது சொல்கிறது. பின்னக்கோடு கண்ணுக்குத் தெரியாத ஓர் அடைப்புக்குறி. கோட்டைச் சாய்த்துவிட்டால் அந்த அடைப்புக்குறி காணாமல் போகிறது. அதை நாம்தான் திரும்பப் போட்டாக வேண்டும்.

‘1/2ம = 6’ என்பது இன்னும் மோசம். அரையை ம-ஆல் பெருக்கியதா, ஒன்றின் கீழே 2ம இருக்கிறதா? முதலாவது என்றால் விடை 12, இரண்டாவது என்றால் 1/12. ‘ம/2 = 6’ என்று எழுதினால் சந்தேகத்துக்கே இடமில்லை. கலப்புப் பின்னத்தில் நேர்வது வேறு வகை. 2 1/2 என்பதன் நடுவில் உள்ள இடைவெளி பக்கம் அமைக்கும்போது விழுங்கப்பட்டால் 21/2 ஆகிவிடும். இரண்டரை பத்தரையாகிவிட்டது! விடைப்பகுதியிலோ இரண்டரையை வைத்துப் போட்ட விடைதான் இருக்கும். பிள்ளை எத்தனை முறை போட்டாலும் வராது. தன்னிடம்தான் தவறு என்று நினைத்துக்கொண்டு நோட்டை மூடிவிடும்.

அச்சு சரியாகவே இருந்தாலும், அந்த மறைந்த அடைப்புக்குறியை மறந்தால் தீர்க்கும்போது என்ன ஆகிறது என்பதை ஒரே கணக்கை வைத்துக் காட்டுகிறோம்.

(2ம + 1)/3 − (ம − 2)/4 = 5/2

பகுதிகள் 3, 4, 2. இவற்றின் மீச்சிறு பொது மடங்கு (மீ.பொ.ம) 12. ஆகவே சமன்பாட்டின் இருபுறமும் உள்ள ஒவ்வோர் உறுப்பையும் 12ஆல் பெருக்குகிறோம். முதல் உறுப்பில் 12ஐ 3ஆல் வகுக்க 4. அந்த 4ஐத் தொகுதிக்கு முன்னால் வைத்து, தொகுதியை அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். இரண்டாவதில் 12ஐ 4ஆல் வகுக்க 3. வலப்புறம் 12ஐ 2ஆல் வகுக்க 6. அதை 5ஆல் பெருக்க 30.

4(2ம + 1) − 3(ம − 2) = 30

இந்த வரிதான் கணக்கின் உயிர். இதை மனதுக்குள்ளேயே முடித்துவிட்டு அடுத்த வரிக்குத் தாவ எந்தப் பிள்ளையையும் விடக் கூடாது. அடைப்புக்குறிகளை நீக்கினால்:

8ம + 4 − 3ம + 6 = 30
5ம + 10 = 30
5ம = 20
ம = 4

சரிபார்க்க, முதல் சமன்பாட்டிலேயே 4ஐப் போட வேண்டும். (8 + 1)/3 = 3. (4 − 2)/4 = 1/2. மூன்றிலிருந்து அரை போனால் இரண்டரை, அதாவது 5/2. சரி.

இதே கணக்கில் அடைப்புக்குறி இல்லாமல் போகும் பிள்ளை ‘8ம + 4 − 3ம − 6 = 30’ என்று எழுதும். முன்னால் நிற்கும் கழித்தல் குறி ‘ம’வை மட்டும் தொட்டது, 2ஐத் தொடவில்லை. பின்னத்துக்கு முன்னால் கழித்தல் இருந்தால் மேலே உள்ள ஒவ்வோர் உறுப்புக்கும் அது உண்டு. −3 என்பது −2ஐப் பெருக்கும்போது +6 ஆக வேண்டும். தவறாகப் போனால் 5ம = 32, ம = 32/5. இதை முதல் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தால் முதல் பின்னம் 23/5, இரண்டாவது 11/10, வித்தியாசம் 7/2. வர வேண்டியது 5/2. சரியாக 1 கூடுதலாக இருக்கிறது. அந்த 1 எங்கிருந்து வந்தது? +6 இருக்க வேண்டிய இடத்தில் −6 இருந்ததால் 12 வித்தியாசம். அதை 12ஆல் வகுத்தால் 1. சரிபார்ப்பது விடை சரியா தவறா என்று சொல்வதோடு நிற்பதில்லை, தவறு எந்த வரியில் இருக்கிறது என்றும் சொல்லிவிடும்.

இன்னொரு பிள்ளை இடப்புறத்தை ஒழுங்காகப் பெருக்கிவிட்டு வலப்புறத்தில் 5/2ஐ அப்படியே விட்டுவிடும். 5ம + 10 = 5/2 என்று வந்து, ம = −3/2 என்று முடியும். சரிபார்த்தால் இடப்புறம் 5/24 வருகிறது. வர வேண்டிய 5/2இல் அது சரியாகப் பன்னிரண்டில் ஒரு பங்கு! ஒரு புறத்துக்கு மட்டும் 12ஆல் பெருக்கியதன் தடயம் அப்படியே பதிந்திருக்கிறது. ‘சரிபார்’ என்பதைக் கடைசியில் கிடைக்கும் ஒரு மதிப்பெண்ணுக்காகச் செய்யும் சடங்காகச் சொல்லிக்கொடுப்பது எங்களுக்கு வருத்தம் தருகிறது.

வலப்புறத்தை விட்டுவிடுவதைவிட அதிகமாக விடுபடுவது முழு எண். ம/3 + 2 = ம/2 + 1 என்ற சமன்பாட்டை 6ஆல் பெருக்கும்போது ம/3, ம/2 இரண்டையும் பெருக்கிவிட்டு 2ஐயும் 1ஐயும் அப்படியே இறக்கிவிடுவார்கள். 2ம + 2 = 3ம + 1 ஆகி, விடை 1 என்று வரும். சரியான வரி 2ம + 12 = 3ம + 6; விடை 6. கீழே பகுதி எதுவும் தெரியாததால், அந்த எண்ணைப் பெருக்க வேலையில்லை என்று தோன்றிவிடுகிறது. இந்தப் பழக்கம் உள்ள பிள்ளைகளிடம் 2ஐ 2/1 என்றும், 1ஐ 1/1 என்றும் சில நாட்களுக்கு எழுதச் சொன்னால் போதும். பிறகு தானே நின்றுவிடும்.

ஒரு பின்னத்தின் தொகுதியை மற்றதன் பகுதியால் பெருக்கும் குறுக்குப் பெருக்கலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ‘குறுக்கே பெருக்கு’ என்று ஒற்றை வரியில் சொல்லிக்கொடுத்துவிட்டால், கண்ணில் பின்னம் பட்ட இடத்திலெல்லாம் பிள்ளைகள் குறுக்கே பெருக்குகிறார்கள். ஒரு பின்னம் = ஒரு பின்னம் என்று இருக்கும்போது மட்டுமே அது செல்லும். நடுவில் கூட்டலோ கழித்தலோ இருந்தால் செல்லாது. ம/2 + ம/3 = 10 என்பதில் குறுக்கே பெருக்கி 3ம + 2ம = 10, ம = 2 என்று எழுதுவது அடிக்கடி பார்க்கும் தவறு. 12 வர வேண்டிய இடத்தில் 2; வலப்புறத்தை 6ஆல் பெருக்காததால் சரியாக ஆறில் ஒரு பங்கு. மேலே இரண்டையும் கூட்டி, கீழே இரண்டையும் கூட்டி 2ம/5 = 10, ம = 25 என்று முடிப்பவர்களும் உண்டு. அவர்களிடம் அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டா என்று கேட்டால் போதும். அரையை விடவே குறைந்துவிட்டதே என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

செல்லும் இடத்திலும் அடைப்புக்குறி வேண்டும். (3ம + 1)/5 = (ம + 5)/4 என்பது 4(3ம + 1) = 5(ம + 5) ஆகும். 12ம + 4 = 5ம + 25, விடை 3. அடைப்புக்குறி இல்லாமல் 12ம + 1 = 5ம + 5 என்று எழுதினால் 4/7 என்று போய் நிற்கும். பகுதிகளுக்குப் பொதுக் காரணி இருந்தால் குறுக்குப் பெருக்கல் வீண் உழைப்பும்கூட. (ம − 4)/12 = (ம + 1)/18 என்பதைக் குறுக்கே பெருக்கினால் 18(ம − 4) = 12(ம + 1). மீ.பொ.ம 36ஆல் பெருக்கினால் 3(ம − 4) = 2(ம + 1). இரண்டிலும் விடை 14தான். இரண்டாவதில் எண்கள் சிறியவை, ஆகவே தவறும் குறைவு.

ஆகவே குறுக்குப் பெருக்கலைத் தனி விதியாகச் சொல்லாமல், இருபுறமும் பகுதிகளால் பெருக்குவதன் ஒரு குறுகிய வடிவமாக மட்டும் சொல்லிக்கொடுப்பதே நல்லது என்பது எங்கள் கருத்து. ‘அந்தப் பக்கம் போனால் குறி மாறும்’ என்ற வாய்ப்பாட்டுக்கும் இதே கதிதான். (2/3)ம = 8 என்பதில் 2/3ஐ அந்தப் பக்கம் அனுப்பி 8 − 2/3 என்று எழுதும் பிள்ளை விதியை மீறவில்லை; நாம் சொன்ன விதியை அப்படியே நம்பியிருக்கிறது. எண் எங்கும் ‘போவதில்லை’. இருபுறமும் 3ஆல் பெருக்குகிறோம், 2ம = 24. இருபுறமும் 2ஆல் வகுக்கிறோம், ம = 12.

பெருக்கலாக இருக்கும் உறுப்பில் வேறொரு பள்ளம் இருக்கிறது. (2/3)(ம − 6) = 4 என்ற சமன்பாட்டை 3ஆல் பெருக்கச் சொன்னால், 2/3ஐயும் பெருக்கி, அடைப்புக்குறிக்குள் இருப்பதையும் பெருக்கி 2(3ம − 18) = 12 என்று எழுதிவிடுகிறார்கள். (2/3)(ம − 6) என்பது பெருக்கலால் ஒட்டிய ஒரே உறுப்பு. அதை 3ஆல் ஒரு முறைதான் பெருக்க முடியும். 2(ம − 6) = 12, ம = 12. இரண்டு முறை பெருக்கினால் 8 வரும். அதை முதல் சமன்பாட்டில் போட்டால் நான்குக்குப் பதிலாக அதன் மூன்றில் ஒரு பங்கான 4/3தான் கிடைக்கும்.

இந்தத் தவறைக் காட்ட, பாஸ்கராச்சாரியார் 1150இல் இயற்றிய லீலாவதி என்ற கணித நூலில் உள்ள வண்டுக் கணக்கைவிடப் பொருத்தமானது இல்லை. ஒரு வண்டுக் கூட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு கடம்ப மலருக்குப் போகிறது. மூன்றில் ஒரு பங்கு சிலீந்திர மலருக்கு. இவ்விரண்டு பங்குகளின் வித்தியாசத்தைப் போல் மும்மடங்கு குடச மலருக்கு. மீதி ஒரே ஒரு வண்டு, தாழையின் மணம் ஒரு பக்கமும் மாலதியின் மணம் ஒரு பக்கமும் இழுக்க வானில் அலைகிறது. வண்டுகள் எத்தனை?

ம/5 + ம/3 + 3(ம/3 − ம/5) + 1 = ம

15ஆல் பெருக்க:

3ம + 5ம + 3(5ம − 3ம) + 15 = 15ம

14ம + 15 = 15ம. வண்டுகள் 15. கடம்புக்கு 3, சிலீந்திரத்துக்கு 5, குடசத்துக்கு 6, அலைவது 1. மூன்றாவது உறுப்பில் வெளியே உள்ள 3ஐயும் 15ஆல் பெருக்கி 45(5ம − 3ம) என்று எழுதினால் 98ம + 15 = 15ம ஆகி, வண்டுகளின் எண்ணிக்கை −15/83 என்று வரும். அலையும் ஒற்றை வண்டை 15ஆல் பெருக்க மறந்தால் 14ம + 1 = 15ம, மொத்தமே ஒரு வண்டு; அதில் ஐந்தில் ஒரு பங்கு கடம்புக்குப் போனதாம். சொற்கணக்கில் இது ஒரு வசதி. விடையைக் கதைக்குள் வைத்துப் பார்த்தாலே தவறு கண்ணில் படும்.

சுருக்குவதிலும் மறைந்த அடைப்புக்குறிதான் காலை வாருகிறது. (2ம + 6)/2 என்பதில் இரண்டுக்கு இரண்டை அடித்துவிட்டு ‘ம + 6’ என்று எழுதுவார்கள். கோடு மேலே உள்ள இரண்டு உறுப்புகளையும் ஒரே கட்டாகப் பிடித்திருக்கிறது. கட்டு முழுவதையும் வகுக்க வேண்டும். கிடைப்பது ‘ம + 3’. மேலே கூட்டலோ கழித்தலோ இருந்தால் முதலில் காரணிப்படுத்தி, 2(ம + 3)/2 என்று எழுதிவிட்டுப் பிறகு அடிப்பது பாதுகாப்பு.

இன்னொரு குழப்பத்தை மேல்வகுப்பிலும் பார்க்கிறோம். ‘சுருக்குக: ம/2 + ம/3’ என்று கேட்டாலும் 6ஆல் பெருக்கி 5ம என்று விடை எழுதுகிறார்கள். அது கோவை, சமன்பாடு அல்ல. சமக்குறி இருந்தால்தான் இருபுறமும் ஒரே எண்ணால் பெருக்கிச் சமநிலையைக் காக்க முடியும். கோவைக்கு மறுபுறம் என்று ஒன்று இல்லை. 6ஆல் பெருக்கினால் அதன் மதிப்பே ஆறு மடங்காகிவிடும். அங்கே விடை 5ம/6. பகுதி கூடவே இருக்க வேண்டும்.

மீ.பொ.ம காண்பதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 8, 12, 18 என்று பகுதிகள் இருந்தால் மூன்றையும் பெருக்கி 1728 என்று போனாலும் விடை வரும், ஆனால் எண்கள் பூதாகரமாகும். பகா காரணிகளாகப் பிரித்தால் 2ஐ மூன்று முறையும் 3ஐ இரண்டு முறையும் எடுக்க 72 போதும். தசமங்களும் பின்னங்களே. 0.3ம + 0.05 = 0.2ம + 0.65 என்பதில் அதிகபட்சம் இரண்டு தசம இடங்கள் இருப்பதால் 100ஆல் பெருக்க வேண்டும். 30ம + 5 = 20ம + 65, ம = 6. இதில் 0.3ஐ 3 ஆக்கி, 0.05ஐ 5 ஆக்கி எழுதுபவர்கள் ஓர் உறுப்பை 10ஆலும் இன்னொன்றை 100ஆலும் பெருக்கிவிடுகிறார்கள்.

நம் பழைய அளவைகளிலும் இந்த உத்தி ஒளிந்திருக்கிறது. முந்திரி என்பது 1/320. அந்தக் கணக்கில் அரை 160 முந்திரி, கால் 80, அரைக்கால் 40, மாகாணி 20, மா 16, காணி 4. அத்தனை பின்னங்களும் முழு எண்ணாகிவிடுகின்றன. ‘ஓர் எண்ணின் முக்காலிலிருந்து அந்த எண்ணின் அரைக்காலைக் கழித்தால் 15’ என்பது போன்ற கணக்கைத் தமிழ்ப் பெயரிலேயே கேட்கலாம். 3ம/4 − ம/8 = 15; 8ஆல் பெருக்க 6ம − ம = 120; ம = 24. முக்கால் 18, அரைக்கால் 3.

மாறி கீழே வரும்போது மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. ம/(ம − 3) − 3/(ம − 3) = 2 என்பதை (ம − 3)ஆல் பெருக்கினால் ம − 3 = 2(ம − 3) என்றாகி, ம = 3 என்று வரும். ஆனால் ம = 3 என்றால் பகுதி பூச்சியம். பூச்சியத்தால் வகுக்க முடியாது. ஆகவே இதற்குத் தீர்வே இல்லை. உண்மையில் இடப்புறம் எப்போதும் 1தான்; அது 2 ஆக வழியில்லை. மாறி கீழே இருந்தால், கணக்கைத் தொடங்கும்போதே ‘ம, 3 ஆகாது’ என்று ஓரத்தில் எழுதிவிட வேண்டும். விடைப்பகுதியில் இப்படிப்பட்ட கணக்குக்கு ‘3’ என்று அச்சாகிவிட்டால் பிள்ளை அதையே மனப்பாடம் செய்துகொள்ளும்.

ஆசிரியர் அவர்களிடம் நாங்கள் கேட்பது இவ்வளவுதான். பின்னத்தை மேலும் கீழுமாக, மேலே உள்ள உறுப்புகள் முழுவதையும் தாங்கும் நீளத்துக்குக் கோடு போட்டு அச்சிடுங்கள். பத்தியின் அகலம் இடம் தராவிட்டால் சாய்கோடு போடலாம். அப்போது தொகுதியிலோ பகுதியிலோ ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்பு இருந்தால் அடைப்புக்குறி கட்டாயம் வேண்டும். கலப்புப் பின்னத்தைத் தகாப் பின்னமாக மாற்றி, இரண்டரை என்றால் 5/2 என்றே போட்டுவிடுங்கள். ஒரு சமன்பாடு வரி முடிவில் உடைந்து அடுத்த வரிக்குப் போகும்படி விடாதீர்கள். உடைத்தே ஆக வேண்டுமென்றால் சமக்குறிக்கு முன்னால் உடையுங்கள். தீர்வுகளைச் சுருக்கும்போது ‘இருபுறமும் 12ஆல் பெருக்க’ என்ற சொற்களையும், அதற்கு அடுத்து அடைப்புக்குறிகளோடு வரும் வரியையும் மட்டும் வெட்ட வேண்டாம். இடம் போதாவிட்டால் பத்துக் கணக்குக்குப் பதில் ஏழு போதும்.

வெளியிடும் முன் ஒவ்வொரு விடையையும் அச்சுக்குப் போகும் படியில் உள்ள சமன்பாட்டிலேயே போட்டுப் பார்க்க ஒருவரை நியமியுங்கள். எழுதியவரின் கைப்பிரதியில் போட்டுப் பார்த்தால் அச்சில் நேர்ந்த பிழை பிடிபடாது.

இப்படிக்கு,
உயர்நிலை வகுப்புக் கணித ஆசிரியர்கள் சிலர்